உச்சிவெடியை நிறுத்திய அன்று

என் கணவருக்குப் பொதுஜன அபிப்பிராயம் என்றால் உயிர். அதில் என் அபிப்பிராயத்தை மட்டும் அவர் சேர்த்துக்கொண்டதில்லை. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு முன்கட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேர் வந்து உட்கார்வார்கள். ஒருவர் வக்கீல். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். மூன்றாமவர் ஆரியசாலையில் அரிசி மண்டி வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். என் கணவர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. திருவாங்கூர் ராஜ்யத்துப் பொதுஜனம் முழுவதும் இந்த நாலு வாயில்தான் குடியிருந்தது.

தேங்காய் விலை விழுந்து, மிளகு விலை விழுந்து, ஊரில் எல்லோர் முகமும் விழுந்து கிடந்த காலம் அது. மின்சாரக் கம்பிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் என்று சர்க்கார் நிறையக் கடன் வாங்கியிருந்தது. வரவேண்டிய வரி வரவில்லை. செலவைக் குறைக்கப் போகிறார்கள், எதைக் குறைக்கலாம் என்று பொதுமக்கள் யோசனை எழுதி அனுப்பலாம் என்று செய்தி வந்தது. யோசனை சொல்ல நம்மவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவா வேண்டும்? தெருவில் பல் தேய்க்கிறவன்கூடப் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சர்க்கார் கடனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கொப்பளித்தான்.

“பெரிய உத்யோகஸ்தாள் சம்பளத்திலே கை வைக்கணும். பாதிப் பேர் வெறுதே உக்காந்துண்டிருக்கா,” என்பார் வாத்தியார்.

“பள்ளிக்கூடம் என்னத்துக்கு இத்தனை? பாஸ் பண்ணினவனுக்கே வேலை இல்லை, கேட்டேளா,” என்பார் என் கணவர். உத்தியோகம் என்ற பேச்சு வந்தாலே அவருக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிடும்.

“கோர்ட்டுல பாதியை மூடுங்க சாமி. வழக்கு இல்லாட்டி சனம் பொழைச்சுக்கிடும்,” என்பார் மண்டிக்காரர்.

வக்கீல் உடனே ஊட்டுப்புரையைப் பிடித்துக்கொள்வார். பிராமணர்களுக்கு சர்க்கார் செலவில் சாப்பாடு போடும் இடம் அது. “இந்தக் காலத்திலே இலவசச் சாப்பாடு என்னத்துக்கு?” என்று அவர் ஆரம்பித்தால், அடுக்களையில் என் மாமியார் பாத்திரத்தை நங்கென்று வைப்பார். அவருடைய தம்பிக்கு இரண்டு வேளையும் அங்கேதான் சாப்பாடு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பது அந்த முன்கட்டில் வாரா வாரம் நிரூபணமான உண்மை.

இப்படி யாருக்கும் நோகாத ஒரு செலவைத் தேடித் தேடி, கடைசியில் அதைக் கண்டுபிடித்தவர் என் கணவர்தான்.

“உச்சிவெடி,” என்றார்.

பட்டாளத்து மைதானத்தில் தினமும் நண்பகலில் ஒரு பீரங்கியை வெடிப்பார்கள். ஊர் முழுக்க அதற்குக் கட்டுப்பட்டுத்தான் நடந்தது. வெடி கேட்டால் மண்டியில் படி அளப்பதை நிறுத்துவார்கள். பள்ளிக்கூடத்தில் புத்தகத்தை மூடுவார்கள். வீட்டில் இலை போடுவோம். சுவர்க்கடிகாரம் வைத்திருந்த வீடுகளில் அதைக் கேட்டு முள்ளைத் திருப்புவார்கள். கோயில் பக்கத்தில் பெரிய கடிகாரம் உண்டுதான், ஆனால் காற்று மாறினால் அதன் மணி எங்கள் தெருவுக்கு வராது. வெடி அப்படியல்ல.

“புகையாப் போற பணம். நிறுத்தினா ஒருத்தன் வயத்திலேயும் அடிக்கல்லை. பீரங்கி மனு எழுதாது, கொடி பிடிக்காது,” என்றார் என் கணவர். மற்ற மூவரும் அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் கிடைத்தவர்கள்கூட அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. அன்றே மனு எழுதி, தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கினார்கள். எங்கள் தெருவில் கையெழுத்துப் போடாத வீடு இல்லை. நான் அப்போது நிறைமாதம். காப்பி டம்ளரை வாங்கிக்கொள்ள வந்த என் கணவரிடம், “நாழி தெரியாம எப்படி இலை போடறது?” என்று கேட்டேன். “வாட்ச் வாங்கித் தரேன்,” என்றார். வாங்கித் தரவில்லை.

எனக்குத் தாயார் இல்லை, அதனால் தலைப்பிரசவம் மாமியார் வீட்டிலேயே என்று ஏற்பாடு. ஐப்பசி பிறந்த அன்று விடியற்காலையில் வலி எடுத்தது. என் கணவர் கச்சேரிக்குப் போய்விட்டார். ஆண்பிள்ளை வீட்டில் இருந்து என்ன செய்ய என்று மாமியாரே அனுப்பிவிட்டார். கொல்லைப்பக்கத்து இருட்டறையில் நான், மாமியார், நாகர்கோயில் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு மருத்துவச்சி, இவ்வளவு பேர்தான். கூடத்துக் கடிகாரத்துக்கு அந்த அமளியில் யாரும் சாவி கொடுக்கவில்லை. அது எப்போதோ நின்றிருந்தது.

வலியின் நடுவில் ஒருத்திக்கு வேறெதுவும் காதில் விழாது என்று சொல்வார்கள். எனக்கு எல்லாம் விழுந்தது. கிணற்றில் யாரோ வாளி விடுவது, அடுத்த வீட்டில் தேங்காய் துருவுவது, மருத்துவச்சி மூச்சு விடுவது. பிறகு அவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. யாரோ வீடு வீடாகப் போய்ப் பேசாதே என்று சொல்லி வைத்தாற்போல இருந்தது. அந்த நிசப்தத்தில் வெடி கேட்டது. ஒரே ஒரு முறை. அடிவயிற்றில் இடித்தது. அடுத்த மூச்சில் குழந்தை வெளியே வந்து அழுதது.

“பொம்பளப் பிள்ளையாக்கும். வெடி கழிஞ்சுதான் தலை வந்துது, கேட்டியளா அம்மா?” என்றாள் மருத்துவச்சி.

“கேட்டேன், கேட்டேன். வெடிக்கு அப்புறமாக்கும்,” என்றார் மாமியார். அவர் குரல் நடுங்கியது. அது சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அத்தனை அக்கறையாகக் கவனித்ததற்குக் காரணம் இருந்தது. முதல்நாளே பஞ்சாங்கத்தைப் பார்த்து வைத்திருந்தார். அன்று நண்பகல்வரை பூராடம், அதற்குமேல் உத்திராடம். பெண் குழந்தை பூராடத்தில் பிறந்தால் போச்சு. ‘பூராடம் நூலாடாது’ என்று ஒரு வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள், கழுத்தில் தாலி நிற்காதாம். அவளைத் தங்கள் பிள்ளைக்குக் கேட்டு ஒருவரும் வாசற்படி ஏற மாட்டார்கள். உத்திராடமோ, தேடினாலும் கிடைக்காத நட்சத்திரம். ‘உத்திராடத்தில் ஒரு பிள்ளையும் ஊர்வாரியில் ஒரு காணி நிலமும்’ என்று பழமொழியே உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே என் மகளுக்கு இருந்த வேலி அந்த வெடி ஒன்றுதான்.

சாயங்காலம் என் கணவர் வந்தார். தீட்டு என்பதால் அறைக்குள் வரவில்லை, வாசலில் நின்றார். கையில் மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. குழந்தை பிறந்த செய்தி அவருக்கு இன்னும் எட்டவில்லையே, மிட்டாய் எதற்கு என்று தோன்றியது.

“பொண்ணு பொறந்திருக்கா. வெடிக்கு அப்புறம். உத்திராடம்,” என்றார் மாமியார்.

சிரித்துக்கொண்டே வந்தவர் முகம் அப்படியே நின்றுவிட்டது.

“எந்த வெடி?” என்றார்.

“எந்த வெடியா? உச்சிவெடிதான்.”

“இன்னிக்கு வெடி இல்லையே, அம்மா. நேத்து ராத்திரி உத்தரவாயிடுத்து. இன்னியிலேர்ந்து நிறுத்தியாச்சு. கச்சேரியிலே எல்லாரும் வாட்சைக் கையிலே வெச்சுண்டு நின்னோம். வெடிக்கல்லை. அதுக்காக்கும் இந்த மிட்டாய்.”

அறையில் விளக்கின் திரி படபடப்பது கேட்டது. மருத்துவச்சி மெதுவாகத் தன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். என் பக்கத்தில் கிடந்த குழந்தை கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நிமிஷத்தில் என் குழந்தையைத் தொடப் பயமாக இருந்தது. பெற்ற அன்றே அப்படி ஒரு பயம் வந்தது என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, வந்தது.

“இடியா இருக்கும். துலா மாசமோல்லியோ,” என்றார் என் கணவர் கடைசியில்.

ஐப்பசி இடி பிற்பகலில் இருட்டிக்கொண்டு வரும். அன்று ஆகாயம் துடைத்துவிட்டாற்போல இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

அவர் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். அடுத்த வீட்டு மாமி, வெடி கேட்டுத்தான் இலை போட்டேன் என்றாள். எதிர்வீட்டுக் கிழவர் வெடி கேட்டு மாத்திரை போட்டுக்கொண்டாராம். என் கணவர் ஆரியசாலைக்கே நடந்து போய் மண்டிக்காரரைக் கேட்டார். “வழக்கம் போல கேட்டுச்சு சாமி, படியைக் கீழ வெச்சுட்டுச் சாப்பிடப் போனேன்,” என்றார் அவர். அதுவரைக்கும் எல்லோருக்கும் கேட்டிருந்தது. வெடியை நிறுத்தியாகிவிட்டது, இன்றைக்குப் பீரங்கியில் மருந்தே போடவில்லை என்று என் கணவர் சொன்ன பிறகுதான் ஒவ்வொருவர் முகத்திலும் கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் காலைக்குள் ஸ்ரீவராகத்தில் வெடி கேட்டவர் ஒருவரும் இல்லை. அடுத்த வீட்டு மாமி பசி எடுத்ததால் இலை போட்டாளாம். கிழவர் அன்று மாத்திரையே போடவில்லையாம். “பழக்கதோஷம் சாமி, காது சும்மா கேக்கும்,” என்று சொல்லிவிட்டு, மண்டிக்காரர் திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டாராம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊரே தன் வாயைத் தானே மூடிக்கொண்டதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். நான் இன்னும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் பேசியது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

“ஜோசியர் அஞ்சு பேர் சாட்சி கேக்கறார். அம்மாவும் மருத்துவச்சியும் போக, வெடி கேட்டதா நீங்க மூணு பேரும் ஒரு வார்த்தை சொன்னாப் போறும்,” என்றார் என் கணவர்.

“எப்படிய்யா சொல்றது?” என்றார் வக்கீல். “வெடி வேண்டாம்னு கையெழுத்துப் போட்டவன் நான். வெடியை நிறுத்தினது சர்க்கார். அதுக்கப்புறமும் கேட்டேன்னு சொன்னா, ஒண்ணு நான் பைத்தியம், இல்லே சர்க்கார் பொய் சொல்றது. ரெண்டுக்கும் நான் தயாரில்லை.”

“அன்னிக்கு எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துது,” என்றார் வாத்தியார். “கேட்டதா கேக்கல்லையான்னு சம்சயம். சம்சயத்துக்கு எப்படி சாட்சி சொல்றது?”

மண்டிக்காரர், “இந்தப் பேச்சை விட்டுருவோம் சாமி. வெள்ளிக்கெழம பேசற பேச்சு இல்ல,” என்றார். அன்று ஞாயிறு. அவரை ஒருவரும் திருத்தவில்லை.

ஊரிடம் வெடி வேண்டாம் என்று கையெழுத்து வாங்கியவர், வெடி கேட்டது என்று ஒரு வாய்ச்சொல் வாங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்சம் பரிதாபமும் வந்தது. கோபம்தான் அதிகம்.

பெயர் வைத்த அன்று ஜோசியர் வந்தார். அடுத்த தெருக்காரர், நல்ல மனிதர், ஆனால் எழுத்தாணியைப் பிடித்தால் தெய்வத்துக்கும் அசையமாட்டார்.

“ஊர் காதை நம்பறதா, சர்க்கார் உத்தரவை நம்பறதா?” என்றார். “ஊர் காதும் இப்போ இல்லேங்கறது. வெடி இல்லேன்னா நேரம் இல்லை. நேரம் இல்லேன்னா சம்சயம் வந்துடுத்து. சம்சயத்திலே கெட்டதைத்தான் எழுதணும்னு எங்க அப்பா சொல்லுவார். பின்னாலே பழி வராது பாருங்கோ.”

மருத்துவச்சியைக் கூப்பிட்டு அனுப்பினோம். அவள் ஊருக்குப் போய்விட்டாள், கூலிகூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாள் என்று தெரிந்தது. நான் சொல்வதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. வலியில் கிடந்தவள் சொல் சபை ஏறாதாம்.

அப்போது என் மாமியார் பூஜை அறையிலிருந்து குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடத்தின் நடுவில் வைத்து ஏற்றினார். விளக்கின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“வெடிக்கு அப்புறமாக்கும் கொழந்தை பொறந்தா. நான் கேட்டேன். எழுதுங்கோ, உத்திராடம்,” என்றார்.

என் மாமியார் விளையாட்டுக்குக்கூட சத்தியம் செய்யாதவர். புளி கடன் கேட்டு வருகிறவளிடம் இல்லை என்று சொல்லக்கூட இரண்டு தரம் ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்வார். ஜோசியர் தலையைக் குனிந்துகொண்டு உத்திராடம் என்று எழுதினார்.

அதற்குப் பிறகு வந்த நண்பகல்களைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஒன்றைக் கவனித்தேன். உச்சிவேளை நெருங்க நெருங்கத் தெருவில் சத்தம் குறையும். அம்மி நிற்கும். கிணற்றுக் கயிறு பாதியில் நிற்கும். அடுத்த வீட்டு மாமி பாதி வாக்கியத்தில் பேச்சை விட்டுவிட்டு எங்கேயோ பார்ப்பாள். கரண்டியைத் தூக்கியபடி என் மாமியாரும் நிற்பார். எதுவும் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்து அம்மி மறுபடி ஓடும், மாமி விட்ட இடத்திலிருந்து பேசுவாள். எதற்காக நின்றோம் என்று ஒருவரும் ஒருவரையும் கேட்டதில்லை. இது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருஷக்கணக்கில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த என் தங்கை ஒரு தடவை இதைப் பார்த்துவிட்டு, “என்னடி இது, செத்த வீடு மாதிரி,” என்று அன்று பிற்பகலே வண்டி ஏறிவிட்டாள்.

வெடியோடு சிக்கனம் நின்றதா? வெடியைத் தின்று யானைக்குப் பசி ஆறுமா? அடுத்த வருஷம் வாத்தியாருடைய பள்ளிக்கூடத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். அவர் வித்துரா பக்கம் ஏதோ தோட்டத்தில் கணக்கெழுதப் போனார், ஞாயிற்றுக்கிழமை வருவதும் நின்றது. என் கணவரின் சம்பளத்திலும் பிடித்தார்கள். “இது என்ன அநியாயம், ஏழை வயத்திலே அடிக்கறது,” என்று அவர் கூவியபோது நான் அடுக்களையில் ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தேன்.

மகள் வளர்ந்தாள். நல்ல நிறம், நல்ல குரல், நன்றாகச் சமைப்பாள், என்னைப்போல் வாய் கிடையாது. ஆனால் ஊர் மறக்கவில்லை. ‘வெடிக்காத வெடிக்குப் பிறந்தவள்’ என்று அவளுக்கு ஒரு பட்டம் இருந்தது, அவள் காதில் விழாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம். பத்துப் பொருத்தமும் கூடி வந்த இடம்கூடத் தெருவில் இரண்டு வீட்டில் விசாரித்துவிட்டால் திரும்பி வருவதில்லை. பூராடமோ உத்திராடமோ, யார் கண்டது என்பார்களாம். வெடி கேட்டு இலை போட்ட அந்த மாமிதான் அதை முதலில் சொல்வாள். என் மகள் கோலம் போடக் குனியும்போது அவள் கழுத்தைப் பார்ப்பேன். அதில் ஒரு கயிறு ஏறுமா, ஏறினால் நிற்குமா என்று நினைத்துக்கொள்வேன்.

யுத்தம் வந்து முடிந்தது. சர்க்கார் கையில் நாலு காசு சேர்ந்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். உடனே பொதுஜன அபிப்பிராயம் மறுபடி விழித்துக்கொண்டது. இப்போது எல்லோருக்கும் உச்சிவெடி திரும்ப வேண்டுமாம். வெடி இல்லாத ஊர் ஓர் ஊரா என்று வக்கீலே மேடையில் கேட்டார். என் கணவர் மறுபடி மனு எழுதினார், தெருவில் மறுபடி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கைகளில் அவசரம் இருந்தது. நண்பகலில் நின்று நின்று அலுத்துப் போனவர்களின் அவசரம் அது என்று எனக்குத் தெரியும். சர்க்கார் சம்மதித்தது, நாளும் குறித்தார்கள்.

அந்தச் சமயத்தில் திருநெல்வேலியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு ரயில்வேயில் வேலை. ஊர்க்கதை அவர்களுக்கு இன்னும் எட்டவில்லை. என் கணவர் எல்லாவற்றிலும் சாமர்த்தியம் என்று நினைத்துச் செய்கிறவர் ஆயிற்றே, வெடி திரும்பப் போடும் அதே நாளில் நண்பகலுக்கு அவர்களைப் பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார். “வெடி வெடிக்கும். இந்த வெடிக்குத்தான் எங்க கொழந்தை பொறந்தான்னு சொல்லுவேன். அதுக்கப்புறம் யார் என்ன சொன்னாலும் ஏறாது,” என்றார்.

பையனும் அவன் பெற்றோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் காப்பி கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நானும் மாமியாரும் அடுக்களை நிலைப்படியில் நின்றோம். பேச்சு நட்சத்திரத்தில் வந்து நின்ற நேரம். தெருவில் வழக்கம்போல அம்மி நின்றது.

வெடி வெடித்தது.

பல வருஷம் கழித்து அந்தச் சத்தம். அது தூரத்திலிருந்து வந்தது. ஜன்னல் கதவு ஆடியது, பிறகு கோட்டைச் சுவரில் மோதிய எதிரொலி வந்தது. தெருவிலும் கோயில் பக்கத்திலும் இருந்த காக்கை அத்தனையும் ஒன்றாக எழும்பிக் கத்தி வானத்தை அடைத்தது. முன்பெல்லாம் தினமும் கேட்டது இதுதான். எப்படி மறந்தேன்?

குழந்தை பிறந்த அன்று எங்கள் அறையில் ஒரு காக்கைக் குரல்கூடக் கேட்கவில்லை. எதிரொலி இல்லை. அந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்தும் வரவில்லை. அந்த அறைக்குள்ளேயே, எங்கள் மூன்று பேர் நடுவிலேயே அது இருந்தது. தெரு முழுவதும் அவரவர் வீட்டுக்குள் கேட்டதும் அதுதானா? என் மகள் திடுக்கிட்டு என் தோளைப் பிடித்திருந்தாள். நான் மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வெடிக்குத்தான் எங்க கொழந்தை பொறந்தா,” என்று என் கணவர் கூடத்தில் ஆரம்பித்தார். காக்கைச் சத்தத்தில் அவர் குரல் தடுமாறியது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் அன்று அந்த அறையில் இல்லை.

பையனின் தாயார் நிலைப்படிப் பக்கம் திரும்பினாள். ஆண்கள் சொல்வதை அவளும் என்னைப்போல முழுவதும் நம்பாதவள் போலிருந்தது. “நீங்க கூட இருந்தேளா மாமி? இதே வெடிதானா?” என்று என் மாமியாரைக் கேட்டாள்.

“இதே வெடிதான்,” என்றார் மாமியார். குரல் நடுங்கவே இல்லை. “வெடிச்சுது, பொறந்தா. உத்திராடம்.”

அவள் எழுந்து வந்து என் மகளின் தலையில் பூ வைத்தாள். தாம்பூலம் மாற்றினோம், சாப்பிட்டார்கள், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள். தெருமுனைவரை என் கணவர் உடன் போனார்.

அடுக்களையில் மாமியார் எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

“அம்மா, அன்னிக்கு நாம கேட்டது இது இல்லை.”

அவர் நிமிரவில்லை.

“எனக்கு அன்னிக்கே தெரியும். காக்கை எழும்பல்லையே,” என்றார்.

“தெரிஞ்சுமா விளக்கிலே கையை வெச்சேள்?”

இலைகளைக் கூடையில் போட்டு, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டார். கூடத்தில் என் மகள் கண்ணாடி முன்னால் நின்று தலையில் வைத்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே மாமியார் தணிந்த குரலில் சொன்னார்:

“பாவம் என்னோடது. பொண்ணு உன்னோடது. போய் அவளுக்குச் சாதம் போடு.”